'தீண்டப்படாத கடற்கரை' என்றொரு பொய்

தில்லியின் கரோல் பாக்கில் சனவரி மாதத்துக் காலை பத்து மணிக்கும் வெயில் உறைப்பதில்லை. அஜ்மல் கான் சாலையில் கம்பளிச் சட்டைகளும் பயணப் பெட்டிகளும் அடுத்தடுத்த கடைகளில் தொங்குகின்றன. விடுதிகள் நெருக்கி நிற்கும் குறுந்தெருக்களில், மாடிப்படிகளின் ஓரத்தில், பயண முகவர்களின் பலகைகள். பனி பார்க்க விரும்புவோருக்கு மணாலி. பனியிலிருந்து தப்ப விரும்புவோருக்குப் புக்கெட், பாலி, மாலத்தீவு, இலங்கை. 4 இரவு, 5 பகல், காலை உணவு உட்பட. ஊர் எதுவாயினும் படம் ஒன்றே: வெண்மணல், நீலநீர், நீரை நோக்கிச் சாய்ந்த ஒரு தென்னை. படத்தில் மனிதர் இல்லை. இருந்தால், முதுகு காட்டி அமர்ந்திருக்கும் ஓர் இணை மட்டுமே.

இந்தப் படத்துக்கு ஒரு சொல்லும் உண்டு. இந்தி பேசும் முகவர் 'அன்சுவா' என்பார். ஆங்கிலம் கலந்து பேசினால் 'அன்டச்ட்', 'வர்ஜின்'. தமிழில் எழுதும் பயணக் கட்டுரையாளர் 'மனிதர் காலடி படாத' என்று சுற்றிச் சொல்வார். நேராக மொழிபெயர்த்தால் கிடைப்பது 'தீண்டப்படாத' என்பதே. அச்சொல்லைத் தமிழ் எழுத்தாளர் தவிர்ப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தீண்டு என்னும் வினை எதிர்மறையானவுடன் சாதியின் வரலாறு அதனோடு சேர்ந்து வந்துவிடுகிறது. இந்தியில் இந்தச் சங்கடம் இல்லாததுபோல் தோன்றும். 'அன்சுவா' விளம்பரத்துக்குரிய இனிய சொல். 'அசூத்' இழிவுச் சொல். இரண்டும் 'தொடு' என்னும் ஒரே வினையின் பிள்ளைகள். ஒன்று இடத்துக்கு, மற்றொன்று மனிதருக்கு எனப் பிரித்துக்கொண்டதால் உறவு மறைந்துபோயிற்று.

உறவை மறைக்க முடியாத தமிழ் இங்கே ஒரு நன்மை செய்கிறது. ஒரு கரையைத் 'தீண்டப்படாதது' என்று தமிழில் எழுதிப் பார்த்தால் உடனே கேள்வி எழும்: யாரால் தீண்டப்படாதது? நாள்தோறும் அந்த மணலில் வலை இழுப்பவர், கருவாடு உணக்குபவர், படகு ஏற்றுபவர் ஆகியோரின் தொடுகை தொடுகையாகக் கணக்கில் வராதா? வராது என்பதே விளம்பரத்தின் விடை. கணக்கில் வரத்தக்க கால் இனிமேல்தான் அங்கே படப்போகிறது. அந்தக் கால் கரோல் பாக்கில் முன்பணம் கட்டியிருக்கிறது.

இதைச் சொன்னவுடன் ஒரு மறுப்பு வரும்: 'ஆண்டு முழுதும் உழைப்பவன் ஐந்து நாள் கடலோரம் கிடந்தால் அறிவாளிகளுக்கு ஏன் வலிக்கிறது?' மறுப்பு நியாயமானது. விடையும் நியாயமாக இருக்க வேண்டும். விடுமுறை பாவமன்று. அது உழைப்பாளர் போராடிப் பெற்ற உரிமை. 1936இல் பிரான்சில் வேலைநிறுத்த அலைக்குப் பின் இரண்டு வார ஊதிய விடுப்பு சட்டமாயிற்று. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 52ஆம் உடன்படிக்கை, ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது 6 வேலைநாள் ஊதிய விடுப்பு என்று வகுத்தது. 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் இலண்டனிலிருந்து கோர்சிகாத் தீவின் கால்விக்கு விமானம், தங்கல், உணவு அனைத்தும் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங்குக்கு ஒரு பயணத்தை விற்றார். தங்கியது கூடாரங்களில், முதலில் சென்றோருள் ஆசிரியர்களும் செவிலியரும் இருந்தனர். மழையும் பங்கீட்டு அட்டையும் சூழ்ந்த நாட்டிலிருந்து அவர்கள் வெயிலைத் தேடிப் போனதை எவரும் பழிக்கத் தேவையில்லை.

பழிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. குளிர்நாட்டின் விடுப்பு, வெயில்நாட்டின் கரையைச் சரக்காக மாற்றியது. ஊர்களின் பெயர்கள் பின்வாங்கிக் 'கோஸ்டா டெல் சோல்' போன்ற விற்பனைப் பெயர்கள் முன்வந்தன. அதன் பொருள் சூரியக் கரை. ஊரின் பெயரைக் கேட்டால் அங்கே யார் வாழ்கிறார் என்ற கேள்வி எழும். சூரியனின் பெயரை வைத்தால் எழாது. வடக்கு என்பது உழைத்துச் சம்பாதிக்கும் இடம், தெற்கு என்பது செலவழித்து இளைப்பாறும் இடம் என்னும் வரைபடம் அங்கே வரையப்பட்டது. அதே வரைபடம் இன்று கரோல் பாக்கில் இந்தியில் விற்கப்படுகிறது. வாங்குவோர் இந்தியர் என்பதால் அது காலனியச் சரக்கு அல்லாமல் போய்விடுவதில்லை.

கரோல் பாக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது தில்லித் தமிழரின் பழைய இருப்பிடங்களுள் ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று பூசா சாலையில் இயங்குகிறது. பக்கத்து ராஜேந்திர நகரின் பயிற்சி மையங்களை நம்பி இன்றும் தமிழ்நாட்டு மாணவர் இங்கே அறை எடுக்கின்றனர். இங்கு வாழ்ந்த தமிழ் எழுத்தர் குடும்பங்களின் அகராதியில் 'விடுமுறைப் பயணம்' என்ற சொல்லே நெடுங்காலம் இல்லை. 'ஊருக்குப் போதல்' மட்டுமே இருந்தது. ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸிலும் பின்னர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸிலும் கோடை விடுப்பில் போய், கலியாணம், காதுகுத்து, நிலத் தகராறு, பெற்றோரின் மருத்துவம் ஆகியவற்றை முடித்துத் திரும்புவதே விடுப்பு. நடுவண் அரசின் எல்.டி.சி. விதியும் இதை ஒட்டியே எழுதப்பட்டது: நான்கு ஆண்டுத் தொகுதிக்குள் இருமுறை சொந்த ஊர், அல்லது ஒருமுறை சொந்த ஊர், ஒருமுறை இந்தியாவின் எந்த ஊரேனும். வெளிநாடு அதில் இல்லை.

இல்லாததை உள்ளே கொண்டுவர ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 நவம்பர் 4ஆம் நாள் பாரத ஸ்டேட் வங்கியின் மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு அது. வங்கி ஊழியர் சிலரின் விடுப்புப் பயணத்தில் வெளிநாடுகளும் இருந்தன; ஆனால் கோரப்பட்டது உள்நாட்டு ஊருக்கான பயணப்படி. எடுத்துக்காட்டாகப் பதிவான ஒரு பயணத்தின் வழி இது: தில்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மீண்டும் கொழும்பு, தில்லி. இந்தியாவுக்குள் உள்ள தொலைவுக்கு மட்டுமே பணம் தந்தோம் என்பது வங்கியின் வாதம். அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 10(5)ஆம் பிரிவு இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறுகிய வழியில் செல்வதற்கே விலக்களித்தது. வெளிநாட்டைச் சுற்றி வந்த பயணம் அதற்குள் அடங்காது என்று கூறி நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளியது.

வரிச் சட்ட மாணவருக்கு இது வரிப்பிடித்தம் பற்றிய தீர்ப்பு. அந்தப் பயணி எந்தக் கடலிலாவது கால் நனைத்தாரா என்பது இங்கே தேவையில்லை. மொழி மாணவர் கவனிக்க வேண்டியது 'மதுரை' என்ற சொல் அந்தப் படிவத்தில் ஆற்றிய பணி. அது அங்கே ஊரைக் குறிக்கவில்லை, தொலைவைக் குறித்தது. தெற்கில் போதிய தூரத்தில் ஒரு புள்ளி வேண்டியிருந்தது. மதுரை அந்தப் புள்ளியாயிற்று. பயணத் திட்டத்தின் மொழியில் தெற்கு இப்படித்தான் இருக்கிறது: கணக்குக் காட்ட ஒரு பெயர், படம் காட்ட ஒரு மணல்திட்டு. இரண்டிலும் குடியிருப்போர் இல்லை.

குடியிருப்போர் இல்லாத கரை இயற்கையில் கிடைப்பதில்லை, செய்து எடுக்கப்படுகிறது. மாலத்தீவு அதன் தூய வடிவம். 1972இல் அங்கே முதல் விடுதித் தீவு குரும்பா என்ற பெயரில் திறக்கப்பட்டது. திவெஹி மொழியில் அது இளநீர்க்காயைக் குறிக்கும். சிங்களத்திலும் அதே சொல், தமிழில் அதனோடு ஒப்பிடத்தக்க 'குரும்பை'. இத்தனை மக்களின் வாயில் புழங்கிய சொல்லைப் பெயராகக் கொண்ட தீவில், விருந்தினரும் ஊழியருமே இருப்பர். ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே பல பத்தாண்டுகள் அந்நாட்டின் கொள்கை. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பரவலாகத் தொடங்கியது 2009க்குப் பிறகுதான். ஆளில்லாமை அங்கே குத்தகைப் பத்திரத்தில் எழுதி வாங்கப்பட்ட பொருள்.

2024 சனவரியில் பிரதமரின் இலட்சத்தீவுப் பயணத்தை அடுத்து மாலத்தீவு துணையமைச்சர் சிலரின் இழிவுரை வந்தபோது, தில்லியின் சமூக ஊடகம் கொதித்தது. மாலத்தீவைப் புறக்கணி, இலட்சத்தீவுக்குப் போ என்பதே முழக்கம். நாட்டுப்பற்று மாறியது, படம் மாறவில்லை. அதே வெண்மணல், அதே ஆளில்லாமை. உண்மையில் இலட்சத்தீவின் நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 64,000க்கு மேல். தமிழ்நாட்டின் அடர்த்தியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஜெசரி என்னும் மலையாள வழக்கும், மினிக்காயில் திவெஹியின் கிளையான மஹலும் பேசும் மக்கள் நெருங்கி வாழும் தீவுகளைத் 'தீண்டப்படாதவை' என்று அழைக்க எந்த அளவு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்!

இலங்கைப் பொட்டலத்தில் பாசிக்குடா வருகிறது. பாசியும் குடாவும் சேர்ந்த பெயர். அந்த நீரை நாள்தோறும் பார்த்தவர் இட்டது. போர் முடிந்தபின் கல்குடா, பாசிக்குடாக் கரையில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் சுருங்கிவிட்டது என்று உள்ளூர் மீனவர் முறையிட்டு வந்துள்ளனர். ஆழிப்பேரலைக்குப் பின் அதே நாட்டில் தெற்குக் கரையில் 100 மீட்டருக்குள்ளும், வடக்குக் கிழக்கில் 200 மீட்டருக்குள்ளும் வீடு கட்டத் தடை வந்தபோது, சுற்றுலா விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்ததையும் மறக்கலாகாது. அலைக்கு மீனவனின் குடிசையும் தெரியும், விடுதியின் அறையும் தெரியும். விதிக்கு மட்டும் வேறுபாடு தெரிந்தது.

புக்கெட்டுக்கு வடக்கே உள்ள காவோ லாக் கரையையும் அதே முகவர் விற்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று அங்கே வெயில் காய வந்திருந்த வடஐரோப்பியர் பலர் மாண்டனர். அந்தப் பேரலையில் இறந்த சுவீடன் நாட்டவர் மட்டும் 543 பேர். அவர்களுட் பெரும்பாலோர் இறந்தது இக்கரையில்தான். அவர்கள் இறப்பும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த 6,000க்கும் மேற்பட்டோரின் இறப்பும் ஒரே கடலின் செயல். துயரத்தில் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆனால் காவோ லாக்கின் விடுதிகளைக் கட்டவும் பெருக்கவும் வந்திருந்த பர்மியத் தொழிலாளர் பலருக்கு அடையாளம் கூடக் கிட்டவில்லை. அந்தத் தாக்குவா பா பகுதியில்தான் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும், மணிக்கிராமத்தார் முதலியோர் அதற்குக் காவலானதையும் அது பேசுகிறது. கடல் கடந்து சென்ற வணிகர் அங்கே குளம் வெட்டினர், அதைக் காக்க ஆள் வைத்தனர், பெயரிட்டனர். அவர்கள் புனிதர் அல்லர், இலாபத்துக்கே போனவர். ஆயினும் அக்கரையில் மனிதர் உண்டு, நன்னீர் வேண்டும் என்பதையாவது அறிந்திருந்தனர். ஆயிரம் ஆண்டுக்குப் பின் 4 இரவு, 5 பகலுக்குப் போகும் தமிழ்ப் பட்டதாரிக்கு அது 'அன்டச்ட் பீச்'.

கடற்கரை தில்லியில் இரண்டு இடங்களில் திட்டமிடப்படுகிறது. ஒன்று கரோல் பாக்கின் முகவர் மேசை. மற்றொன்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மேசை. 1981இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் காக்குமாறு கேட்டார். 1991இல் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை வந்தது; ஊரகக் கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் இல்லாப் பகுதி. 2019 சனவரி அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரையில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. தற்காலிகச் சுற்றுலா அமைப்புகளுக்கு மணலிலும் இடம் தந்தது. மீனவர் வீடு கட்டிக்கொள்ள இது உதவும் என்பது அரசின் விளக்கம். வீட்டுக்குத் திறக்கும் கதவு விடுதிக்கும் திறக்கும்; முதலில் நுழையும் வலு யாருக்கு உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரைவு வரைபடங்களில் தங்கள் குடியிருப்பும், படகுத்துறையும், மீன் உணக்கும் மணலும் விடுபட்டுள்ளன என்று தமிழ்நாட்டு மீனவர் பலமுறை முறையிட்டுள்ளனர். அரசு வரைபடத்தின் வெற்றிடமும் விளம்பரப் படத்தின் வெற்றிடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இதற்கு மேல் ஒரு கொடியும் பறக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 1985இல் பிரான்சில் தொடங்கி, இன்று டென்மார்க்கிலிருந்து நடத்தப்படும் சான்று அது, 33 அளவுகோல்கள். நீரின் தூய்மை, கழிவு மேலாண்மை, உயிர்க்காப்பாளர், உடை மாற்றும் அறை எல்லாம் நல்லவையே. ஆனால் கரை என்பது குளிக்க வருவோருக்கான இடம் என்ற கருத்தே அவற்றின் அடித்தளம். கட்டுமரம் ஏறும் கரைக்கும் கருவாடு காயும் கரைக்கும் அதில் மதிப்பெண் கிடையாது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட விடுமுறைத் திட்டம் வெயில்நாட்டின் மணலில் சட்டமாவது இப்படித்தான். அந்தச் சான்றுக்கான வசதிகளைக் கட்டுவதற்குக் கடலோர விதிகளே தளர்த்தப்பட்டன.

'சுற்றுலா வேலை தருகிறதே' என்பர். தருகிறது. எந்த வேலை, யாருக்கு, எத்தனை மாதம் என்பதைக் கேட்டபின் அந்த வாதத்தை எடுத்துவரலாம். கரையின் உரிமையாளராக இருந்தவர் அதே கரையின் வாயிற்காவலராக ஆவதை வேலைவாய்ப்பு என்று மட்டும் எழுதுவது அரைக் கணக்கு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். கடலோரத்தில் 61 நாள் வேலையின்றி இருப்பதை எந்த முகவரும் 'பேக்கேஜ்' என்று விற்கமாட்டார்.

இனி, இதைப் படிப்போரைப் பற்றி. தமிழ்த் துறைகளிலும் சமூக அறிவியல் துறைகளிலும் நெய்தல் நடத்தப்படாத ஆண்டு இல்லை. முதல், கரு, உரி என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தொல்காப்பியத்தின் கருப்பொருள் வரிசையில் தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் மட்டுமல்லாமல், செய்தி என்ற பெயரில் தொழிலும் இருக்கிறது. தொழில் இல்லாத நிலம் திணை ஆகாது. முகவரின் துண்டறிக்கையைத் திணை இலக்கணத்தில் வைத்துப் பார்த்தால் கிடைப்பது என்ன? முதற்பொருள் முழுமையாக உண்டு: வெண்மணல், ஐந்து பகல், நான்கு இரவு. உரிப்பொருளாகத் தேனிலவுப் பொட்டலம். குறிஞ்சிக்குரிய புணர்தலை நெய்தலுக்கு மாற்றிய திணைமயக்கம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். கருப்பொருளில் பரதவரும் உமணரும் நுளையரும் இருந்த இடம் மட்டும் வெறுமை. வகுப்பறையில் அந்த வெறுமையை நிரப்பக் கற்பிப்போரே, கருத்தரங்கைக் கடலோர விடுதியில் நடத்தி, 'நெய்தல் நிலத்தில் இரண்டு நாள்' என்று படம் போடும்போது, கல்வி எதற்குப் பயன்பட்டது? அந்த விடுதியின் வேலிக்கு அப்பால் உள்ள ஊரின் பெயரை அரங்கில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

கேட்கப்படுவது துறவு அன்று. கரோல் பாக்கின் குளிரிலும் புகைமூட்டத்திலும் ஆண்டு முழுதும் மூச்சுத் திணறுபவர் கடலைத் தேடிப் போகட்டும். போகுமுன் முகவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: அந்தக் கரைக்கு மிக அருகில் உள்ள மீனவ ஊரின் பெயர் என்ன? அந்த ஊரார் இன்றும் அந்த மணலில் படகு ஏற்ற முடிகிறதா? விடுதிக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? விடை தெரியாது என்றால், தெரிந்த முகவரைத் தேடட்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் அறிந்துவைப்பர். சந்தையின் விதி இதற்கும் பொருந்தும்.

ஆய்வாளருக்கு வேலை இன்னும் கூடுதல். கடலோர மேலாண்மை வரைவுகளும் வரைபடங்களும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. கரையின் அறிவோ வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயரிட்டு வைத்திருக்கும் தமிழில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கக்கூடியவர் மொழி படித்தவரே. ஓர் ஊரின் படகுத்துறைக்கும், வலை உலர்த்தும் மணலுக்கும், உப்பங்கழிக்கும் ஊரார் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, வரைபடத்தில் உரிய இடத்தில் எழுதி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர்கள் கையில் தந்தால், அது பத்துக் கருத்தரங்கக் கட்டுரைகளைவிடப் பயன்படும். பெயர் எழுதப்பட்ட மணலை 'காலியிடம்' என்று குறிப்பது அதிகாரிக்கும் கடினமாகும்.

அதுவரை, தமிழில் எழுதும் எவரும் எந்தக் கடற்கரையையும் 'மனிதர் காலடி படாத' என்று எழுதாதிருக்கலாம். அதற்கு நிதியுதவியும் வேண்டாம், துறைத்தலைவரின் ஒப்புதலும் வேண்டாம்.